தையல்நாயகியோட சோழிப் பாட்டு

ஒரு ஊர்ல ஒரு அக்காவும் தம்பியும் இருந்தாங்க. கடலோர ஊரு. அக்கா பேரு தையல்நாயகி. ஏழு பீங்கான் கிண்ணத்துல தண்ணி ஊத்தி, குச்சியால டிங் டிங்னு தட்டி ஜலதரங்கம் வாசிப்பா. தம்பி வேதையன் தோணிக்காரன். கேக்குறியா?

"ம்."

ஒரு புயல்ல அவனோட கூட்டாளி முருகையன் கடலோட போயிட்டான். தோணியில ரெண்டு பேரும் சேர்ந்து பாடிக்கிட்டே போறவங்க. அப்புறம் வேதையன் வாயே திறக்கல. சுவரைப் பார்த்து உக்காந்துட்டான். சோறும் சரியா இறங்கல.

அக்கா முதல்ல அவனுக்குப் பிடிச்ச பாட்டை வாசிச்சா. ரெண்டு அடிக்குள்ள காதைப் பொத்திக்கிட்டான். அடுத்த அடி முருகையன் பாடுற அடியாச்சே.

அப்புறம் புதுசா ஒண்ணு கட்டினா. ஆனா கை பழகின வழியிலேயே போச்சு. அதுலயும் பழைய பாட்டு எட்டிப் பார்த்துச்சு. மறுபடியும் பொத்திக்கிட்டான்.

அப்போ அவ, என் கையை நம்பினா ஆகாதுன்னு நினைச்சு, ஏழு சோழியை எடுத்தா. கலகல... பொத்! எத்தனை மல்லாந்து விழுதோ அத்தனையாவது கிண்ணத்தைத் தட்டுவா. எல்லாம் கவுந்துட்டா சும்மா இருப்பா.

"சும்மாவா?"

ஆமா, அந்த அமைதியும் பாட்டுதான். கலகல, டிங். கலகல, டொங். மூணும் நாலும் அடிக்கடி வந்துச்சு, ஏழு எப்பவாவதுதான். அதனால பாட்டு எங்க சுத்தினாலும் நடுக் கிண்ணத்துக்கே வீடு திரும்புச்சு. என்ன கெட்டிக்காரி பாரு.

வேதையன் கை காதுக்குப் போச்சு, பாதியில நின்னுச்சு. என்ன வரும்னே தெரியல, எதுக்குன்னு பொத்துறது? மெதுவா திரும்பினான்.

"அடுத்து எது வரும், அக்கா?"ன்னான்.

அவ சோழியை அவன் பக்கம் தள்ளினா. "எனக்கும் தெரியாதுடா. நீ போடேன்."

போட்டான். ஏழும் மல்லாந்துச்சு. ஓரத்துக் கிண்ணம் ணிங்ங்ங்னு பாடிச்சு. கூடவே அவன் குரலும் கரகரன்னு சேர்ந்துக்கிச்சு. அந்தக் குரல்லயே அழுதான். அவ குச்சியைக் கீழ வைக்கல. "இன்னொரு தரம் போடு"ன்னா.

அப்புறம் சாயங்காலமானா ஊரே அவங்க வாசல்ல வந்து உக்காரும். "நேத்து வாசிச்சதை வாசி தாயி"ம்பாங்க. "அது நேத்தோட போச்சு. இன்னைக்கு வந்திருக்கிறதைக் கேளுங்க"ம்பா. சோழியை மட்டும் வேதையன்தான் போடுவான்.

கதை கரையேறிடுச்சு, நீ தூங்கு தங்கம்.