முயல் சோதித்த புல்

ஒரு காட்டில், உறைபனி இறங்கும் மலைச்சரிவில், ஒரு தாய்முயல் தன் மூன்று குட்டிகளோடு வாழ்ந்தது. அதன் காதுகள் நீளம். சந்தேகம் அவற்றைவிட நீளம்.

பனிக்காலம் வந்தால் அங்கே மற்ற புல்லெல்லாம் கருகிப்போகும். குளிர்ப்புல் ஒன்றுதான் பச்சையாக நிற்கும். அது இல்லையென்றால் குட்டிகள் பட்டினிதான். ஆகவே முயலும், பக்கத்துப் புதரில் இருந்த கேளையாடு என்னும் சிறு மானும் மேட்டுக்குப் போய் விதை கொண்டுவந்தன. மண்ணைக் கிளறி, ஆளுக்குப் பாதி நிலத்தில் தூவின.

"இது மெதுவாக முளைக்கும் புல், முயலக்கா. தலைகாட்டும்வரை மண்ணைத் தொடாதே," என்றது கேளையாடு.

'ஏன் தொடக் கூடாதாம்? எதை மறைக்கிறான்?' என்று நினைத்தது முயல்.

மறுநாளே போய் மண்ணைக் கீறிப் பார்த்தது. விதை விதையாகவே கிடந்தது. அடுத்த நாளும் கீறியது. அதற்கடுத்த நாளும் கீறியது. கேளையாட்டின் பாதியில் பச்சை படர்ந்தது. முயலின் பாதி வெறும் புழுதி.

"நல்ல விதையெல்லாம் உன் பக்கம், சொத்தையெல்லாம் என் பக்கம். அப்படித்தானே தம்பி?"

"ஒரே குவியலில் அள்ளியதுதானே அக்கா! சரி, மனம் ஆறவில்லையென்றால் என் பாதியை நீ எடுத்துக்கொள். உன் பாதியை நான் பார்த்துக்கொள்கிறேன்."

முயல் நிலத்தை மாற்றிக்கொண்டது. ஆனாலும் அதற்குத் தூக்கம் போயிற்று. 'விளைந்த நிலத்தை யாராவது சும்மா கொடுப்பார்களா? இது குளிர்ப்புல்லைப் போலவே தோன்றும் பொய்ப்புல்தான். முதல் பனியிலேயே கருகிவிடும்.'

குனிந்து பார்த்தது. குளிர்ப்புல்லின் இலைநுனி ஓடத்தின் மூக்குப்போல் குவிந்திருக்கும். பொய்ப்புல்லுக்கு ஊசிநுனி. இங்கே நுனி ஓடம்போலத்தான் இருந்தது.

"நுனி சரி. அடியில் என்னவோ?" என்று ஒன்றைப் பிடுங்கியது. குளிர்ப்புல்லுக்கே உரிய, மண்ணுக்குள் ஓடும் வெள்ளைத் தண்டும் இருந்தது. அசல்தான்.

"இது அசல். பக்கத்தில் இருப்பது?"

அதையும் பிடுங்கியது. அதுவும் அசல்.

"அம்மா, பசிக்குது. ஒரு வாய் தின்னட்டுமா?"

"பொறு கண்ணு. சோதித்து முடித்துவிடுகிறேன்."

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி, பனிக்காலத்தின் வாசலில்தான் முயல் நிமிர்ந்தது. "கடைசிப் புல்லும் அசல்!" என்றது நிம்மதியாக. அதைச் சுற்றிலும் அசல் புல் காய்ந்து கிடந்தது.

பனி விழுந்தது. அடுத்த பாதியில், கேளையாட்டின் கைக்கு மாறிய பிறகு யாரும் கீறாமல் விட்ட மண்ணில், எஞ்சியிருந்த விதைகள் மெல்லிய பச்சையாக எழுந்திருந்தன.

"குட்டிகளை மேய அனுப்பு, அக்கா. நீயும் வா," என்றது கேளையாடு.

குட்டிகள் துள்ளி ஓடின. முயல் மட்டும் எல்லையிலேயே நின்றது.

"எதற்காகக் கூப்பிடுகிறான்?" என்று முணுமுணுத்தபடி, காய்ந்த சருகைக் கடித்தது.

நீதி: வேரைப் பிடுங்கிப் பார்த்துத்தான் நம்புவேன் என்றால், நம்பிக்கை வரும்போது பயிர் இருக்காது.