அமைச்சர் பல்லக்கில் அடைக்கோழி

மஞ்சனூர் மன்னர் வல்லபராயருக்குத் தன் கோழி பூரணி என்றால் உயிர். பூரணியின் முட்டை இல்லாமல் அவருக்குக் காலைச் சாப்பாடு இறங்காது. பாசம் முற்றிப்போய், "இனி பூரணி முட்டையிடும்போது ராஜ மரியாதை செய்யுங்கள்" என்று உத்தரவு போட்டார். அன்றிலிருந்து பூரணி தன் வெள்ளிக் கூடையில் உட்கார்ந்தாலே போதும், சங்கு ஊதும், முரசு அதிரும், அமைச்சர்கள் சுற்றி நின்று எட்டிப் பார்ப்பார்கள். எந்தக் கோழிக்குத்தான் முட்டை வரும்! பூரணி கூடைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டது.

கோழியைக் கவனிக்கும் பொறுப்பு அரசவைப் புலவர் கூத்தபிரானுடையது. அவரைக் கண்டாலே ஆகாத அமைச்சர் திருமேனிநாதர் சபையில் எழுந்தார்.

"மகாராஜா, முட்டையெல்லாம் புலவர் வீட்டுத் தோசைக்கல்லுக்குப் போகிறது. அவர் தொப்பையைப் பாருங்கள்!"

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "கூத்தபிரானே, நாளைக் காலை பூரணியின் முட்டை என் முன்னால் வரவேண்டும். இல்லையென்றால் ஆயுசு முழுக்க அந்தக் கூடையில் நீர்தான் உட்காருவீர். சங்கும் முரசும் உண்டு!"

கூத்தபிரான் தன் தொப்பையைத் தடவிப் பார்த்தார். கூடை வேறு சின்னது.

அரண்மனைக் கொல்லையில் தானியத்தைத் தூவிவிட்டுக் காத்திருந்தார். பூரணி வந்தது. இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, கொக்கொக்கென்று முனகியபடி அவசரமாகக் கொத்தியது, தண்ணீர் குடித்தது, திரும்பி ஓடியது.

'அடடே, அடைக்கு உட்கார்ந்த கோழி அல்லவா இப்படி ஓடும்!'

சத்தமில்லாமல் பின்னால் போனார். பூரணி மதிலைத் தாண்டி, அடுத்த வீட்டுக் கொட்டகையில் இருந்த திருமேனிநாதரின் பல்லக்குக்குள் நுழைந்தது. திருவிழாவுக்கு மட்டும் வெளியே வரும் பல்லக்கு அது. உள்ளே இருட்டு, பஞ்சு மெத்தை, சங்கும் இல்லை முரசும் இல்லை. அங்கே குவிந்து கிடந்த முட்டைகளின் மேல் பூரணி சுகமாக அமர்ந்தது.

ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். 'எங்கே ஒளித்து வைத்திருந்தீர் என்று கேட்பார்களே' என்று தோன்றியது. நேராக அமைச்சரிடம் போனார்.

"ஐயா, நாளைக்கு என் மானம் போகப்போகிறது. தாங்கள் பல்லக்கில் வந்து பார்த்தால்தான் அதற்கும் ஒரு மரியாதை."

அமைச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் ஊரே வேடிக்கை பார்க்க, அமைச்சர் முகத்தை ஜனங்கள் பக்கம் வைத்தபடியே, உள்ளே பார்க்காமல், பல்லக்குக்குள் பின்புறமாக நகர்ந்து உட்கார்ந்தார். பூரணி சும்மா விடுமா? போட்டது ஒரு கொத்து!

"ஐயோ!"

அமைச்சர் கத்தினால் வேகமாக ஓட வேண்டும் என்பது பல்லக்குத் தூக்கிகளின் வழக்கம். "ஐயாவுக்கு அவசரம்டா, ஓடுங்கடா!" என்று பாய்ந்தார்கள். அடுத்த கொத்து, அடுத்த அலறல், இன்னும் வேகம். அமைச்சரால் எழுந்திருக்கவே முடியவில்லை.

அரண்மனை வாசலில், புலவரோடு காத்து நின்ற ராஜாவின் காலடியில் உருண்டு விழுந்தார். பட்டு வேட்டியின் பின்பக்கம் மஞ்சள் கரு வழிந்தது. பல்லக்குக்குள் மிச்ச முட்டைகளை அணைத்துக்கொண்டு பூரணி முறைத்தது.

"கோழிக்கு முட்டையிட இருட்டும் அமைதியும் வேண்டும், மகாராஜா. நம் முரசுக்குப் பயந்து இங்கே ஓடி வந்து, இட்டு முடித்து அடைக்கும் உட்கார்ந்துவிட்டது" என்றார் கூத்தபிரான்.

"தெரிந்தும் நேற்றே ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால், 'புலவரே கொண்டுபோய் வைத்தார்' என்று அமைச்சர் சாதித்திருப்பார். இப்போது அவரால் வாய் திறக்க முடியாதே, மகாராஜா. அடைகாத்தவரே அவர்தான்!"

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். புலவருக்குச் சால்வை போர்த்தினார். குஞ்சு பொரிக்கும்வரை பல்லக்கு பூரணிக்கே என்று தீர்ப்பாயிற்று. திருமேனிநாதர் வேட்டியைப் பின்னால் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தே போனார்.