இரண்டு அடுப்பும் ஒரு டம்ளர் காப்பியும்

உப்பளங்களை ஒட்டி ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்ச் சங்கத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. நடக்க முடியாதவர்கள் தனியாகக் குடியிருந்தால் அவர்கள் வாடகையைச் சங்கமே கட்டும். சம்பாதிக்கிற ஆள் யாராவது கூட வந்து தங்கி ஒரே உலைச் சோறு சாப்பிட்டால் வாடகை நின்றுவிடும். ஒத்தாசைக்கு இருக்கிற ஆள் என்றால் மட்டும் விலக்கு. அந்த ஆள் இல்லாவிட்டால் நடக்க முடியாதவருக்கு ஆகவே ஆகாத காரியம் ஒன்றாவது இருக்க வேண்டும். இருந்தால், அவர் வெளியே வேலைக்குப் போனாலும் சங்கம் கண்டுகொள்ளாது.

அமலிக்குச் சின்ன வயதிலேயே இரண்டு காலும் சூம்பிவிட்டன. கையை ஊன்றி ஊன்றித்தான் நகருவாள். ஒற்றை அறை வீடு. அடுப்பு, தண்ணீர்க் குடம், அரிசிப் பானை எல்லாம் தரையில், அவள் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கும். கக்கூஸ் மட்டும் முற்றத்துக்கு அந்தப் பக்கம். வெயில் காலத்தில் ஒன்றுமில்லை, போய் வந்துவிடுவாள். மழை பிடித்தால் முற்றம் முழுக்கச் சேறு.

சங்கத்திலிருந்து விசாரிக்க வருகிறவர் தொம்மை அண்ணாச்சி. எப்போது வந்தாலும் அமலி காப்பி போட்டுத் தருவாள். மழைக்காலத்தில் அவருக்கு மட்டும்தான் ஊற்றுவாள். "உனக்கு எங்கட்டி?" என்று கேட்டால், "மழை விடட்டும் அண்ணாச்சி" என்பாள். உதடு காய்ந்து வெடித்திருக்கும்.

அதே தெருவில் பிலோமி என்று ஒருத்தி. கப்பல் வேலைக்கென்று போன புருஷன் போனவன்தான், தகவல் இல்லை. மீன் கம்பெனியில் இறால் உரிக்கப் போக வேண்டும், கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அமலிதான் கூப்பிட்டாள். "ஏட்டி, பிள்ளைய இங்க போட்டுட்டுப் போ. நான் எங்க ஓடப் போறேன்?"

பிள்ளையை விட்டுப்போக வந்தவள், பிறகு பாயோடு வந்துவிட்டாள். அந்தப் பிள்ளை தவழப் பழகியபோது முட்டி போடவே இல்லை. அமலி மாதிரியே கையை ஊன்றி உடம்பை இழுத்து இழுத்துப் போனது. அமலி பயந்து அழுதாள்.

"ஐயோ, என்னப் பாத்துப் பாத்துப் பிள்ளைக்கு இப்படி ஆயிட்டே!"

பிலோமி சிரித்தாள். "உங்க பிள்ளை உங்கள மாதிரிதானக்கா போவும். நாளைக்கு எந்திச்சி நடக்கும், பாருங்க."

அந்த ஊரில் எத்தனை குடும்பம் என்று தெரிய வேண்டுமானால் அடுப்பைத்தான் எண்ணுவார்கள். அதனால் பிலோமியும் ஒரு அடுப்பு வாங்கி வந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டு அடுப்பும் தினமும் எரிந்தன. கேட்டால் இரண்டு குடும்பம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஐப்பசியில் ஒருநாள் நல்ல மழை. பிலோமி உச்சிப்பொழுதுக்கு வேலை முடிந்து வந்து, இரண்டு அடுப்பிலும் சமைத்து இறக்கியிருந்தாள். குடையை உதறிக்கொண்டு தொம்மை அண்ணாச்சி உள்ளே வந்தார். அமலி காப்பி போட்டாள். அவருக்கு ஒரு டம்ளர், பிலோமிக்கு ஒன்று, தனக்கு ஒன்று. குடித்துவிட்டு, பிலோமியிடம், "ஏட்டி, எனக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றாள். அண்ணாச்சி வெளியே மழையைப் பார்த்தார்.

"அடுப்பு ரெண்டு கிடக்கே?"

"ஆமா அண்ணாச்சி. அவ தனி, நான் தனி" என்றாள் அமலி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் குனிந்து ஒரு மூடியைத் திறந்தார். சோறு. அடுத்த மூடியைத் திறந்தார். சாளை மீன் குழம்பு.

"அப்ப ஒருத்தி வெறுஞ்சோறு திங்கா, இன்னொருத்தி வெறுங்குழம்பு குடிக்கா, அப்படித்தான?"

இருவருக்கும் முகம் செத்துவிட்டது. இறால் உரிக்கிற கூலியில் வாடகை கட்ட முடியாது. வாடகை நின்றால் அமலிக்கு வீடு இல்லை.

அமலி சொன்னாள்: "பொய்தான் அண்ணாச்சி. ஒரே உலைதான். வாடகைய நிறுத்திக்கிடுங்க. இவளப் போவச் சொல்லாதீங்க, பிள்ள ஏங்கிரும்."

பிலோமி சொன்னாள்: "நிறுத்தாதீங்க அண்ணாச்சி. நான் இன்னைக்கே போயிருதேன்."

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். "நீ இவளுக்கு ஒத்தாசையா இருக்கியா? ஆமான்னு சொல்லிரு, முடிஞ்சுது சோலி."

பிலோமி தரையைப் பார்த்தபடி, "நான் என்னத்தச் செய்யுதேன்? பிள்ளையக் குளிப்பாட்டுதது, சோறு ஊட்டுதது எல்லாம் அவங்கதான். அவங்கதான் எனக்கு ஒத்தாசை" என்றாள்.

"நல்லா சொன்ன போ!" என்று அண்ணாச்சி தலையில் கை வைத்தார். அமலியின் பக்கத்தில் இருந்த காலி டம்ளரை ஒருதரம் பார்த்தார். "வாடகை நிக்காது. நீயும் போவ வேண்டாம். நீ ஒத்தாசைக்கு இருக்கிற ஆள்தான்னு சங்கத்துல சொல்லுவேன். அதுல ஒரு பொய்யும் இல்ல."

படிக்கிறவர்களே, ஒரே உலை, வாடகையை நிறுத்துங்கள் என்றாள் அமலி. நான் ஒத்தாசை இல்லை, போகிறேன் என்றாள் பிலோமி. நீ ஒத்தாசைதான் என்றார் அண்ணாச்சி. அவர் இரக்கப்பட்டு விதியை வளைத்தாரா? மூன்று பேரில் யார் சொன்னது சரி?

விடை: அண்ணாச்சி சொன்னதுதான் சரி, விதியை அவர் வளைக்கவே இல்லை. சமையல், பிள்ளை வளர்ப்பு எல்லாம் அமலிக்கு ஆகும். மழையில் அந்தச் சேற்றைத் தாண்டி முற்றத்துக்கு அந்தப் பக்கம் போவது மட்டும் அவளுக்கு ஆகாது. அதை வெளியே சொல்லவும் வெட்கம். அதனால்தான் முன்பெல்லாம் மழை விடும்வரை எதுவும் குடிக்காமல் தொண்டை காய இருந்தாள். அப்படிப்பட்டவள் கொட்டுகிற மழையில் இரண்டாம் முறை காப்பி கேட்டாள் என்றால், அவளைத் தூக்கிப் போய்த் தூக்கி வர ஒருத்தி இருக்கிறாள் என்று அர்த்தம். பிலோமி பொய் சொல்லவில்லை. பிள்ளையை இடுப்பில் எடுக்கிற மாதிரியே அமலியையும் எடுத்துப் பழகிவிட்டாள். அது ஒரு ஒத்தாசை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.