பீப்பாய்க்குள் கேட்ட குரல்

"குடிக்கத் தண்ணி இல்லே, இவன் உட்கார்ந்து குப்பையை வேக வைக்கிறான்!"

நரி இதே புலம்பலை மூன்றாம் முறையாக எடுத்துவிட்டது. பெருச்சாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனிதர்கள் குளத்தில் வீசிவிட்டுப் போன பிளாஸ்டிக் பைகளை ஓர் இரும்புப் பீப்பாய்க்குள் திணித்து, மூடியைச் சுற்றிக் களிமண் பூசியது.

"தின்னா தொண்டையை அடைக்கிற பையை வேறென்ன செய்யறதாம்? காத்துப் புகாம சூடாக்கினா ஆவியாகும். ஆவி இந்தக் குழாயில குளிர்ந்தா எண்ணெய். அதை ஊத்தினா கிணத்தடி பம்ப் என்ஜின் ஓடும், குளத்துக்குத் தண்ணி வரும். புரியலேன்னா வாயை மூடிட்டு விறகைப் போடு."

வாத்துக்குப் புரிந்தது. குளத்தில் மிச்சம் ஒரு சின்னக் குட்டை. அதில் அதன் இரண்டு குஞ்சுகள். மூன்றாவது, போன மாதம் ஒரு நீலப் பையை விழுங்கிச் செத்தது.

"ஆறுற வரைக்கும் மூடியைத் தொடாதீங்க," என்றது பெருச்சாளி. "உள்ளேயிருந்து யார் கூப்பிட்டாலும் சரி."

"உள்ளே யாருய்யா இருக்கா?" நரி சிரித்தது.

தீ எரிந்தது. பீப்பாய் முனகியது. பிறகு, பை தின்று செத்துப்போன நரியின் தம்பி குரலில், "அண்ணே, மூச்சு முட்டுது" என்றது.

நரி பாய்ந்து மூடியை நெம்பியது. காற்று உள்ளே போனதுதான் தாமதம், பீப்பாய் நெருப்பைக் கக்கியது. மீசை போச்சு, வால் மயிர் போச்சு, எண்ணெயும் போச்சு. உள்ளே தம்பியும் இல்லை, தும்பியும் இல்லை.

குட்டை அன்று மாலைவரைகூடத் தாங்காது. பெருச்சாளி மறுபடி பைகளை அடைத்தது. கடைசியாகப் போனது, செத்த குஞ்சின் தொண்டையிலிருந்து எடுத்த அந்த நீலப் பை.

இந்த முறை பீப்பாய் மெதுவாகக் கூப்பிட்டது. "அம்மா."

வாத்து கிட்டே போனது.

"இருட்டா இருக்கும்மா. கொஞ்சமா திற."

மூடியோரக் களிமண்ணில் ஒரு கீறல் விட்டிருந்தது. ஒரு கொத்து போதும், திறந்துவிடும். அந்தப் பக்கம் குட்டையில் இரண்டு குஞ்சுகளும் தாகத்தில் கத்தின.

வாத்து அலகு நிறைய ஈரச் சேற்றை அள்ளி வந்தது. கீறலை அடைத்தது. மேலும் ஒரு வாய் அள்ளி வந்து அப்பியது.

குழாயடியில் வைத்த தேங்காய்ச் சிரட்டையில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் நிறைந்தது. என்ஜின் இருமி, பிறகு உறுமியது. குளத்துக்குள் தண்ணீர் வந்தது. குஞ்சுகள் நீந்தின.

போனதற்காக அழலாம், அதற்காக இருப்பதைப் பலி கொடுக்கக் கூடாது.

கரையில் இன்னும் ஆறாத பீப்பாய் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது: "அம்மா, அவங்க நீந்தறாங்களே. எனக்கும் திறயேன்."