தவளை குந்துனதும் ஓணான் தலையாட்டுனதும்

அடேய், இடுப்பப் புடிச்சிக்கிட்டு "அய்யோ ஆத்தா"ன்னு எந்திரிக்கிற எளவட்டமெல்லாம் இப்படி லாரி நெழலுக்கு வாங்க. ஒருத்தனுக்கும் முப்பது தாண்டல. நடந்து வர்ற லட்சணத்தப் பாத்தா அறுவதாங் கல்யாணத்துக்கு கெளம்புன மாப்பிள்ளைக மாதிரி இருக்கு. பிச்சைமணி, நீ மூட்டைய எடுக்கக் குனியிறியா, இல்ல மூட்டை கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்குறியா? இருளப்பா, நீ அசையாத. வீட்ல கெடடான்னா கேக்காம குடோனுக்கு வந்து படுத்திருக்க, பெல்ட்ட அவுக்காம கேளு. ஆபரேசன் வேணாம், பத்து நாள்ல எந்திரிச்சிருவன்னு டாக்டரு சொல்லிட்டாருல்ல, அந்தச் சந்தோசத்துக்குத்தான் இந்தக் கதை. உன் மூட்டைய விட்டுட்டான்னு வெரட்டுன ராசுக்குட்டிய மேஸ்திரி இன்னும் வேலைக்குச் சேக்கல. அத கடைசில பேசுவோம்.

அந்தக் காலத்துல மனுசன், மிருகம், பூச்சி பொட்டு எல்லாத்துக்கும் பேச்சு உண்டு. அதுல பாதிப் பேச்ச ஓணான் ஒருத்தனே பேசித் தீத்துருவான். தவளை அப்ப இப்படி இல்ல. ரெண்டு கால்ல பனமரமாட்டம் நிமிந்து நடப்பான். நண்டு நேரா முன்னாடி பாத்து நடப்பான். ஓணானுக்கு கழுத்து வெறைப்பு. "ஆமா, தப்பு என்மேலதான்"னு எவங்கிட்டயும் அவன் தலைய ஆட்டுனதே கெடையாது.

ஊருக்கு ஒரு கம்மாய். ஐப்பசி மழைக்கு முன்னாடி வருசா வருசம் கரைய ஒசத்தணும். கோரைப்புல்லுல மூட்டை பின்னி, உள்ள களிமண்ண அடைச்சு, பள்ளத்துல இருந்து மேல கொண்டு போயி அடுக்கணும். ஆமைதான் மேஸ்திரி, கறாரான பொம்பள. தவளையும் நண்டும் ஒரு ஜோடி, அவங்கள மாதிரி தூக்குற ஜோடி அங்க இல்ல. ஓணான் ஒல்லிப்பய, அதனால மூட்டை வாயக் கட்டுற வேலை.

மூட்டை ஆள் ஒசரம். இந்தப் பக்கம் நிக்கிறவனுக்கு அந்தப் பக்கம் ஆளு நிக்கிறானா இல்லையான்னு தெரியாது. அதுக்காக ஒரு வழக்கம் வச்சிருந்தாங்க. தூக்குறதுக்கு முன்னாடி ஒருத்தன், "கை இருக்கா?"ன்னு கேக்கணும். அந்தப் பக்கத்துக்காரன் நல்லா புடிச்சிட்டு, "இருக்கு!"ன்னு சொல்லணும். அதுக்கப்புறந்தான் மூட்டை தரைய விட்டுக் கெளம்பும். பதில் வரலன்னா பொழுது சாஞ்சாலும் தூக்கக் கூடாது.

ஓணானுக்கு வேலைய விட வெளையாட்டுதான் பெருசு. எல்லார் குரலும் அவனுக்கு வரும். ஒரு நாள் ஆமை குரல்ல, "சாப்புடப் போங்கடா!"ன்னு கத்தி, வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே கரையக் காலி பண்ண வச்சான். மேஸ்திரி வந்து பாத்தா ஈ காக்கா இல்ல. சிரிச்சு சிரிச்சு ஓணானுக்கு வாலே சுளுக்கிக்கிருச்சு.

அப்படி ஒரு நாள், உச்சிப் பொழுது. நண்டுக்குத் தாகம். "தவளை, இந்தா வந்துர்றேன்"னு தண்ணி குடிக்கப் போனான். அது தவளைக்குக் கேக்கல, மூட்டைக்கு இந்தப் பக்கம் தலப்பாவ இறுக்கிக்கிட்டு இருந்தான். இறுக்கிட்டு, "கை இருக்கா?"ன்னான்.

அந்தப் பக்கம் ஓணான் மட்டும் கயிறோட நிக்கிறான். நாக்கு நுனி அரிக்குது. இந்த மாதிரி நேரத்துல வாய மூடத் தெரிஞ்சா அவன் ஏன் ஓணானா இருக்கான்? நண்டு குரல்ல கணீர்னு சொன்னான்:

"இருக்கு!"

தவளை அப்பல்லாம் எப்படித் தூக்குவான் தெரியுமா? முட்டிய மடக்க மாட்டான். காலு ரெண்டும் கம்பு மாதிரி நிக்கும், இடுப்பு மட்டும் கொக்கி மாதிரி வளையும். சோடிக்கு ஆளு இருந்ததால அதுவரைக்கும் தப்பிச்சிருந்தான். அன்னைக்கு மூட்டை மொத்தமும் அவன் பக்கம் வந்துச்சு. கரைப்பக்கம் ஒடம்பத் திருப்புனான் பாருங்க,

களுக்!

கொட்டாங்கச்சி ஒடைஞ்ச மாதிரி சத்தம். தவளை மண்ணுல விழுந்தான். மூச்சு மட்டுந்தான் வருது.

எல்லாரும் ஓடி வந்தாங்க. ஆமை கேட்டா, "பதில் வந்துச்சா, வரலயா?"

"வந்துச்சு மேஸ்திரி, நாங்களே கேட்டோம். நண்டு இருக்குன்னான்."

அப்பத்தான் நண்டு வாயத் தொடச்சிக்கிட்டு வர்றான். "நான் எங்க சொன்னேன்? தண்ணி குடிக்கப் போனேன்யா!"

"கை கொடுக்கிறேன்னு சொல்லிட்டு விட்டுப்புட்ட. இதுல பொய் வேற." ஆமை மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. "இனிமே நீ கரையில கால் வைக்கக் கூடாது."

நண்டு ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்தான். ஓணான் மூஞ்சியும் பாத்தான். ஓணான் மேகத்தப் பாத்தான். அன்னைக்கு மேகமே இல்ல.

நண்டு போயிட்டான். ஓணான் அப்பவாவது வாயத் தொறந்து சொல்லிருந்தா சரியாப் போயிருக்கும். சொல்றதுக்குப் பதிலா, "மதினி, அண்ணன நான் பாத்துக்கிறேன்"னு தவளை பொண்டாட்டிகிட்ட போயி நின்னான். எண்ணெய் தேய்ச்சான், கஞ்சி ஊத்துனான், விசிறி விட்டான்.

"பெத்த மகன் கூட இப்படிச் செய்ய மாட்டான்"னு அவ கண்ணத் தொடச்சா. அது ஓணானுக்கு செருப்படியை விட மோசமா இருந்துச்சு.

தவளைக்கு அந்த வருசந்தான் பிள்ளைக. கரைக்குக் கீழ குட்டையில, வாலும் தலையுமா நூறு நீந்திக்கிட்டுக் கெடக்கு. கரை ஒடைஞ்சா மொதல்ல போறது அந்தக் குட்டைதான். தவளை படுத்த மேனிக்கு வானத்தையும் கரையையும் மாறி மாறிப் பாப்பான்.

இப்ப நான் சொல்லப் போறத வீட்ல பொம்பளைகள்ட்ட சொல்லாதீங்க. அஞ்சாம் நாள் காலைல தவளைக்கு வயித்தக் கலக்குச்சு. ஓணான் கைத்தாங்கலா ஒதுக்குப்புறம் கூட்டிட்டுப் போனான். போற வழியெல்லாம் "அம்மா, அப்பா". வழியில கெடந்த குச்சியத் தள்ளக் குனிஞ்சான், வீல்னு கத்துனான். சரி, அங்க போயி குந்துனா உசுரே போயிரும்னு ஓணான் கண்ண மூடிக்கிட்டான்.

சத்தமே இல்ல.

"அண்ணே, இருக்கியா?"

"இருக்கேன்டா. ஏன் எட்டிப் பாக்குற, வெக்கம் இல்ல?"

"வலிக்கலையா?"

தவளை யோசிச்சான். "வலிக்கலடா." எந்திரிச்சான். மறுபடி குந்துனான். எந்திரிச்சான். முதுகு சொவரு மாதிரி நேரா இருக்கு, தொடை மட்டும் மேல கீழ போகுது. "டேய் ஓணான், குனிஞ்சாத்தான் கொல்லுது. குந்துனா ஒண்ணும் பண்ணல!"

ரெண்டு பேரும் அங்கயே, போன வேலைய மறந்துட்டு, குந்தி எந்திரிச்சு வெளையாண்டாங்க.

அன்னைக்கு மத்தியானமே மழை புடிச்சிக்கிருச்சு. ஓட்டைச் சட்டில இருந்து ஊத்துற மாதிரி ஊத்துது. பொழுது சாயுறதுக்குள்ள கரை நடுவுல விரல் மொத்தத்துக்கு ஒரு கசிவு. கொஞ்ச நேரத்துல அது கை மொத்தம் ஆச்சு. ஒரு மூட்டை வச்சா அடைஞ்சிரும். எலி வந்து தூக்கிப் பாத்தான், அணில் தூக்கிப் பாத்தா, அசையல.

தவளை கம்ப ஊனிக்கிட்டு வந்துட்டான். "நான் தூக்குறேன்."

"கிறுக்கா, மறுபடி களுக்குன்னா அப்புறம் எந்திரிக்கவே மாட்ட"ன்னா ஆமை.

"கீழ எம்பிள்ளைக இருக்கு மேஸ்திரி. தூக்குற விதம் எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஆனா ஒத்தையில முடியாது. அந்தப் பக்கம் புடி வழுக்காத ஒரு கை வேணும்."

புடி வழுக்காத கை ஊருலயே ஒண்ணுதான். எல்லாரும் தலையக் குனிஞ்சாங்க.

ஓணான் ஓடுனான். மழையில நனைஞ்சு, சேத்துல உருண்டு, நண்டு வளை வாசல்ல போயி நின்னான். "நண்டண்ணே, வா. தவளைக்குக் கை வேணும்."

உள்ள இருந்து குரல் வந்துச்சு. "நான்தான் கைய விட்டவனாச்சே. வேற ஆளப் பாரு."

ஓணானுக்கு ஆயிரம் வார்த்தை தெரியும். அன்னைக்கு எதையும் சுத்தி வளைக்கல. வெறைச்ச கழுத்து வலிக்க வலிக்க, கடைசில சொன்னான்: "அன்னைக்கு இருக்குன்னு சொன்னது நான். உன் குரல்ல."

அப்புறம் நண்டு கண்ணு ரெண்டையும் வெளிய நீட்டுனான். "உனக்கு நாக்கு நீளம்னு தெரியும்டா. எந்தொண்டை வரைக்கும் நீளும்னு தெரியாது. இத இங்க வந்து ஏன் சொல்ற? கரையில சொல்லு. எல்லாரும் இருக்கப்ப சொல்லு."

சொன்னான். ஆமை முன்னாடி, மதினி முன்னாடி, தவளை முன்னாடி சொன்னான். மதினி அஞ்சு நாளா ஓணான் கஞ்சி ஊத்துன கலயத்த நெனச்சுப் பாத்திருப்பா. தவளைதான் பேசுனான். "அடிக்கிறதுன்னா அப்புறம் அடிக்கிறேன். மொதல்ல மூட்டை."

தவளை மூட்டைய ஒட்டி நின்னான். பாதம் ரெண்டையும் அகட்டி ஊனுனான். குந்துனான். மூட்டைய வயித்தோட அணைச்சான், பச்சப் பிள்ளைய அணைக்கிற மாதிரி. தாடைய நிமித்துனான். "கை இருக்கா?"

"இருக்கு!"

தூக்கல. அவனுக்கு நம்பிக்கை வரல. எப்படி வரும்? "கை இருக்கா?"ன்னு மறுபடி கேட்டான்.

ஓணான் சடசடன்னு மூட்டை உச்சில ஏறுனான். அங்க இருந்தா ரெண்டு பக்கமும் தெரியும். இந்தப் பக்கம் பாத்தான், அந்தப் பக்கம் பாத்தான். யார் குரலையும் கடன் வாங்காம, சொந்தக் குரல்ல சொன்னான்: "நண்டு குந்தித்தான் இருக்கான். கொடுக்கு ரெண்டும் புடிச்சிருக்கு. நான் கண்ணால பாத்துட்டேன். தூக்குண்ணே." சொல்லிட்டு இறங்கிட்டான்.

தவளை மூச்ச இழுத்தான். தொடை ரெண்டும் இறுகுச்சு. எல்லாரும் "களுக்"குக்குக் காதத் தீட்டிக்கிட்டு நிக்கிறாங்க.

வரல. மூட்டைதான் வந்துச்சு!

"ஒடம்பத் திருப்பாத!"ன்னு நண்டு கத்துனான். "காலத்தான் எடுத்து வைக்கணும். பக்கவாட்டுல வா, என்னைப் பாத்துக்கிட்டே வா." நண்டு ஒவ்வொரு காலா ஓரமா வச்சு ஓரமாவே நடந்தான். தவளையும் அப்படியே. கசிவு வாயில மூட்டைய இறக்குனாங்க, இறக்கும்போதும் குந்தித்தான். தண்ணி ரெண்டு தடவ கொப்புளிச்சிச்சு. நின்னுருச்சு.

நண்டு சேத்துல சாஞ்சான். ஆமை ஓட்டுக்குள்ள போயி அழுதுட்டு வந்தா. கீழ குட்டையில நூறு பிள்ளையும் வாலாட்டிக்கிட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி நீந்துது. தவளைக்கு எந்திரிக்கவே மனசு வரல. குந்துன மேனிக்கே தொண்டை வீங்க வீங்க மழையில கத்துனான். சந்தோசம்டா, அது தாங்க முடியாத சந்தோசம்.

அடி விழல. ஆனா வந்தவன் போனவன் எல்லாம் ஓணானப் பாத்து, "அன்னைக்குச் சொன்னது நீதானா?"ன்னு கேட்டாங்க. அவன் ஒவ்வொருத்தருக்கும் தலைய ஆட்டுனான். கேட்டு முடிச்சதும் முன்னங்கால மடக்கி, குந்தி எந்திரிக்கிறது எப்படின்னு காட்டுனான்.

அன்னைல இருந்துதான் தவளை குந்துனவன் குந்துனவனாவே இருக்கான், மழை பேஞ்சா கத்துறான். நண்டு ஓரமாவே நடக்குறான். ஓணான் வேலியில ஒக்காந்து, யாரும் கேக்காமலே தலைய ஆட்டி, ஒடம்ப ஏத்தி எறக்கிக்கிட்டுக் கெடக்கான்.

ஏன்டா இருளப்பா, அப்படிப் பாக்குற? அன்னைக்கு ராசுக்குட்டி மூட்டைய விடல. அவன் அங்க இல்லவே இல்ல, டீ குடிக்கப் போயிருந்தான். அந்தப் பக்கத்துல இருந்து "இருக்கு"ன்னு சொன்னது நான்தான்.