கடிவாளம் இல்லாத குதிரை

அந்தக் காலத்தில் குதிரைகளுக்குப் பேச்சு இருந்தது. வண்டி இழுத்த குதிரைகள் வேலைக் களைப்பில் அதிகம் பேசுவதில்லை. அமெரிக்காவின் மேற்குப் பொட்டல்வெளிகளில் யாருக்கும் சொந்தமில்லாமல் திரிந்த மஸ்டாங் குதிரைகள் மட்டும் ஓடும்போதும் மேயும்போதும் பேசிக்கொண்டே இருக்கும்.

அங்கிருந்து வெகு தொலைவில், கார் செய்யும் நகரம் ஒன்றில் லெனோரா என்ற பெண் இருந்தாள். புதிதாக வரப்போகும் கார்களை முதலில் களிமண்ணில் செய்து காட்டுவது அவள் வேலை. ஒரு நாள் மேலதிகாரி ஹாலிஸ் அவளைக் கூப்பிட்டார்.

"இளவட்டங்களுக்காக ஒரு சின்னக் கார் கொண்டுவருகிறோம். மஸ்டாங் என்று பேர் வைத்தாயிற்று. முகப்பில் பதிக்க ஒரு குதிரை செய்து கொடு."

செய்தாள். வழவழப்பான கழுத்தும் நெட்டையான கால்களுமாக ஒரு குதிரை வந்தது. ஹாலிஸ் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். "நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு கடிவாளம் போட்டுவிடு, முடிந்தது."

அவளுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. மஸ்டாங்கை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. விடுப்பு சொல்லிவிட்டு மேற்கே கிளம்பினாள்.

பொட்டல்வெளியில் அவள் முதலில் கண்டது புழுதியைத்தான். புழுதிக்கு முன்னால் ஒரு குதிரைக் கூட்டம், பின்னால் ஒரு லாரி. குதிரைகள் எத்தனை ஓடியும் லாரி களைக்கவில்லை. கடைசியில் கால் துவண்டு, கம்பிவேலி போட்ட பட்டிக்குள் அவை தாமாகவே நுழைந்தன. லாரிக்காரர்கள் படலை இழுத்துக் கம்பியால் முறுக்கிவிட்டு, நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தார்கள்.

"இவற்றை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாள் லெனோரா.

"நாய்த் தீனிக்கு அனுப்புவோம்" என்றான் ஒருவன், சாப்பாட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

அவள் வேலியோரம் போனாள். செம்மண் நிறப் பெட்டைக் குதிரை ஒன்று வாயில் நுரை தள்ள நின்றிருந்தது.

"நீயும் இவர்களோடு வந்தவளா?" என்று கேட்டது குதிரை.

"இல்லை. உன்னைப் பார்த்து ஒரு குதிரை செய்ய வந்தேன். காரில் பதிப்பதற்கு."

"எங்களைத் துரத்தியதும் அதுதானே?"

"அது லாரி. நாங்கள் செய்வது கார்."

"என் கால்களுக்கு இரண்டும் ஒன்றுதான்."

"உங்கள் பேரைத்தான் அதற்கு வைத்திருக்கிறோம்" என்றாள் லெனோரா.

"எங்களைக் கேட்டீர்களா?"

"கேட்கவில்லை."

குதிரை தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. "சரி, வைத்துக்கொள்ளுங்கள். எங்களோடு சேர்ந்து அழிவதற்குப் பதில் பேராவது எங்கேயாவது ஓடட்டும். ஆனால் வேலிக்குள் நிற்கிற என்னைப் பார்த்துச் செய்யாதே. இது நான் இல்லை."

லெனோரா நிழலில் இருந்தவர்களைப் பார்த்தாள். அவர்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பியின் முறுக்கைப் பிரித்துப் படலைத் திறந்துவிட்டாள்.

பெட்டைக் குதிரை அவளை உரசிக்கொண்டு வெளியே வந்தது. "என் வாயில் மட்டும் இரும்பை வைத்துவிடாதே" என்றது. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "நம் பேச்சுச் சத்தத்தை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். இனி யாரும் வாய் திறக்காதீர்கள்" என்றது. மனிதர் காதில் விழுந்த கடைசிக் குதிரைப் பேச்சு அதுதான்.

குதிரைகள் ஓடின. கழுத்தை நீட்டி, வால் பின்னால் நேராகப் பறக்க, நான்கு கால்களும் தரையில் படாமல் அந்தப் பெட்டை போனதை லெனோரா பார்த்துக்கொண்டே நின்றாள். வரைய வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. லாரிக்காரர்கள் அவளை வாயில் வந்தபடி திட்டிவிட்டு வண்டியைக் கிளப்புவதற்குள் கூட்டம் பாறைகளுக்குள் ஏறிவிட்டது. அங்கே சக்கரம் ஏறாது.

ஊர் திரும்பியதும் பழைய குதிரையைப் பிசைந்து, அதே மண்ணில் புதிதாக ஒன்று செய்தாள்.

"கடிவாளம் எங்கே?" என்றார் ஹாலிஸ். "அடங்காத குதிரை என்றால் காரும் அடங்காது என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள்."

"அப்படியென்றால் பேரை மாற்றிவிடுங்கள், ஐயா. மஸ்டாங் என்று சொல்லிவிட்டு வாயைக் கட்டுவதற்கு என் கை வராது."

அந்தக் குதிரையிலிருந்து ஹாலிஸாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. "போகட்டும், கடிவாளம் வேண்டாம்" என்றார் கடைசியில். "ஆனால் சுற்றிலும் ஒரு சட்டம் வேண்டும். குதிரை வெறுமனே அந்தரத்தில் நிற்க முடியாது."

அந்தச் சட்டம் அவள் கண்ணுக்குப் பட்டியாகத்தான் தெரிந்தது. வேண்டாம் என்று வாதாடிப் பார்த்தாள். அதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

கார் வெளிவந்தது. அடுத்த வசந்தத்தில் தெருவுக்குத் தெரு அதுதான் ஓடியது. வேலை முடிந்து நடந்து போகும்போது எதிரே ஒன்று வந்தால், லெனோரா ஓரமாக நின்று, அது போகும்வரை பார்த்திருப்பாள். கூட வந்தவர்கள் பெருமைப்படுகிறாள் என்று நினைத்தார்கள். பாறைகளுக்கு அப்பால் எத்தனை குதிரைகள் மிஞ்சியிருக்கும் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருப்பாள்.

முகப்புச் சட்டத்துக்குள் அடைபட்டும், வாயில் இரும்பில்லாமல் அந்தக் குதிரை ஓடிக்கொண்டிருப்பது அந்தக் கார் வெளிவந்த நாள் முதல்தான்.