முதல் சுருளில் எத்தனை கிராம்பு?

கப்பல்கள் காற்றைப் பார்த்து வந்து காற்றைப் பார்த்துப் போன காலத்தில், அலைவாய்ப்பட்டினத்தை மாறவழுதி என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி.

அவன் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அடைப்பைக்காரி செங்கமலி வெற்றிலையில் பாக்கும் கிராம்பும் பச்சைக் கற்பூரமும் வைத்து மடித்துத் தருவாள். முதல் சுருளை ராஜா தன் கையால் யாருக்குக் கொடுக்கிறானோ, அவனுக்கு அன்றைக்கு ஊரே வழிவிடும். பன்னிரண்டு வருஷமாக அது தளபதி மருதங்கண்டனுக்குத்தான். கீழைத்தீவுப் போருக்குக் கப்பலேறிப் போய் ஜெயித்து வந்தவனாம். 'கடல் கடந்த வீரன்' என்று பட்டம் வேறு. அந்தக் கதை சபைத் தூண்களுக்கே மனப்பாடம்.

தை மாதம் ஹோர்முஸ் துறைமுகத்திலிருந்து குதிரை வியாபாரி அபூதாகிர் நாற்பது குதிரைகளோடு வந்து இறங்கினான். ராஜா குதிரைகளைப் பார்த்துச் சொக்கிப் போனான். தொழுகைப் பள்ளி கட்டிக்கொள்ள இடம் கொடுத்தான். அதோடு விட்டானா? முதல் சுருளையும் கொடுத்துவிட்டான்.

மருதங்கண்டனுக்கு இரண்டாவது சுருள். மேல்துண்டுக்குள் மறைத்து அவிழ்த்துப் பார்த்தான். ஒரே ஒரு கிராம்பு. அந்தக் குதிரைக்காரனுக்கு இரண்டு வைத்திருப்பாளோ?

"அதே இலை, அதே பாக்கு. இரண்டாவது என்றால் கசக்குமா?" என்று கேட்டாள் அவன் மனைவி பெரியநாச்சி. அன்றிரவு அவன் சாப்பிடவில்லை.

பத்தே நாளில் அவனுக்கு வழி பிறந்தது. புதுக்குதிரை ராஜாவைக் கீழே தள்ளியது.

"குதிரை மேல் குற்றமில்லை, அரசே. கடல் தாண்டி வந்ததெல்லாம் தீட்டு. அதைச் சபையில் வைத்துக் கொண்டாடினால் இடுப்பு பிழைக்குமா?" என்றான் மருதங்கண்டன்.

இடுப்பைப் பிடித்தபடி ராஜா கத்தினான். "நாளை முதல் கடல் தாண்டிய பொருளோ ஆளோ என் சபையில் இருக்கக் கூடாது! செங்கமலி, இங்கே எது எங்கிருந்து வந்தது என்று உனக்குத்தான் தெரியும். நீயே பொறுக்கி வெளியேற்று."

"யாருக்குமே விலக்கு இல்லையா, தளபதியாரே?" என்று கேட்டாள் செங்கமலி.

"யாருக்குமே இல்லை!"

மறுநாள் அபூதாகிர் வெளியே புன்னை மரத்தடியில் நின்றான். உள்ளே சீனப்பட்டு விதானம் இல்லை. சாம்பிராணிப் புகை இல்லாததால் சபையோரின் வியர்வை நாற்றம்தான் மணத்தது. கோயில் குருக்கள் முகம் வாடி வந்தார். "கற்பூரமும் கப்பலில் வந்ததாமே, அரசே? ஆணை கோயிலுக்கும் உண்டோ என்று பயந்து ஆரத்தியே காட்டவில்லை."

ராஜா முகம் சுளித்தான். மருதங்கண்டனுக்கு எதுவும் காதில் விழவில்லை. அவன் கண் முழுக்க வெற்றிலைத் தட்டிலேயே இருந்தது.

"இதென்ன, வெறும் இலையும் பாக்கும்?" என்றான் ராஜா.

"கிராம்பும் கற்பூரமும் கடல் தாண்டியவை, அரசே."

"தொலையட்டும். மருதங்கண்டா, இந்தா!"

அவன் பாய்ந்து வந்து கை நீட்டினான்.

"பொறுங்கள், அரசே. வெளியேற்ற வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி" என்றாள் செங்கமலி.

"என்ன அது?"

"தளபதியார். கடல் தாண்டிப் போய் வந்தவர் என்று பன்னிரண்டு வருஷமாக அவரேதான் சொல்கிறார்."

மருதங்கண்டன் வெளியே பார்த்தான். புன்னை மரத்தடியில் அபூதாகிருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க நிழல் இருந்தது. ராஜாவின் கையில் முதல் சுருள் இருந்தது.

"நான்... போகவே இல்லை, அரசே."

"என்னது?"

"அலையைப் பார்த்ததும் தலை சுற்றியது. போர் முடியும்வரை துறைமுகத்து உப்புக் கிடங்கில் படுத்திருந்தேன். திரும்பி வந்த கூட்டத்தோடு கலந்துகொண்டேன்."

ராஜா இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தான். "அடப்பாவி! ஒரு வெற்றிலைக்காகப் பட்டத்தையே துப்பிவிட்டாயே!"

பட்டம் அங்கேயே பறிபோனது. ஆணையும் ரத்தானது. கற்பூரம் கோயிலுக்கு ஓடியது. அபூதாகிரை உள்ளே அழைத்து, "உன் குதிரை ஏன் ஐயா என்னைத் தள்ளியது?" என்றான் ராஜா.

"நாற்பது நாள் கப்பலில் நின்ற குதிரை, அரசே. ஒரு மாதம் மணலில் நடக்கவிட்டு அப்புறம் ஏறுங்கள் என்று சொன்னேனே!"

"சரி சரி, அந்தப் பேச்சு எதற்கு?" என்ற ராஜா, புதிதாக மடித்த முதல் சுருளைச் செங்கமலியிடமே நீட்டினான். இத்தனை வருஷம் மடித்தவளுக்கு அன்றுதான் ஒரு சுருள் கிடைத்தது.

கடைசிச் சுருள் மருதங்கண்டனுக்கு. தலையைத் தொங்கப் போட்டபடி வாங்கினான். மேல்துண்டுக்குள் மறைத்து அவிழ்த்தான். ஒரு கிராம்பு.

மெல்ல நகர்ந்து செங்கமலியிடம் போனான்.

"உனக்கு எத்தனை?" என்றான்.